கூரையில் உள்ள ஈயத் தகடு: எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

பிரிட்டனில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோன பிறகு, மாடி அறையில் சிம்னிக்குப் பக்கத்துச் சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தெரிந்தால், பெரும்பாலானவர்கள் ஓடு உடைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைப்பார்கள். போய்ப் பார்த்தால் ஓடு நன்றாகவே இருக்கும். ஓடும் செங்கல்லும் சேரும் இடத்தை மூடியிருக்கும் சாம்பல் நிறத் தகடு இருக்கிறதே, அதுதான் எங்கோ கிழிந்திருக்கும், அல்லது சுவரை விட்டு வெளியே வந்திருக்கும். அந்தத் தகடு ஈயம். அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கூரை வேலைக்காரரைக் கூப்பிட்டால் அவர் சொல்வதையெல்லாம் நம்பவேண்டியதுதான். நீங்களே கூரையில் ஏறி வேலை செய்வதற்காக இதை எழுதவில்லை. என்ன கெட்டிருக்கிறது என்று கீழே நின்றே கண்டுபிடிக்கவும், வருபவர் வேலை தெரிந்தவரா என்று புரிந்துகொள்ளவும்தான்.

முதலில், எங்கெல்லாம் ஈயம் இருக்கிறது என்று பாருங்கள்

செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் போல முழுக் கூரையும் ஈயமாக இருப்பது வீடுகளில் அபூர்வம். வீட்டில் இருப்பதெல்லாம் மூட்டுகளில்தான். சிம்னியைச் சுற்றி நான்கு பக்கமும், நீட்டிக் கட்டிய அறையின் சாய்கூரை வீட்டுச் சுவரில் முட்டும் இடம், இரண்டு கூரைச் சரிவுகள் சந்தித்து நடுவில் உண்டாகும் வாய்க்கால், முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பே ஜன்னலின் தலை, கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் டார்மர் ஜன்னலின் மேலும் பக்கவாட்டிலும், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மழைநீர்க் கால்வாய். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் போடும் தகட்டை ஃப்ளாஷிங் என்பார்கள். சிம்னியின் பக்கவாட்டில் அது படிக்கட்டு மாதிரி வெட்டப்பட்டு ஒவ்வொரு செங்கல் வரிசையிலும் செருகியிருக்கும். முன்பக்கம் ஓட்டின்மேல் விரிந்து கிடப்பது ஏப்ரன். ஓடுகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் சின்னத் துண்டுகளாக இருப்பவை சோக்கர். இந்த மூன்று பெயர்கள் தெரிந்தாலே பேச்சில் பாதி புரிந்துவிடும்.

தடிமனுக்கு ‘கோட்’ எண் வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர அடித் தகடு ஏறக்குறைய எத்தனை பவுண்டு எடையோ அதுதான் எண். வீட்டு ஃப்ளாஷிங்குக்கு வழக்கமாகப் போடுவது கோட் 4, அதாவது 1.80 மி.மீ. தடிமன், சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். கோட் 3 என்பது 1.32 மி.மீ.; சோக்கருக்குப் போதும், மற்றதற்கு மெல்லிசு. வாய்க்காலுக்கும் தட்டைக் கூரைக்கும் கோட் 5 (2.24 மி.மீ.), அதற்கும் மேல். சுருளில் நிறக் குறி இருக்கும்: 3 பச்சை, 4 நீலம், 5 சிவப்பு, 6 கறுப்பு. வேலை நடக்கும் நாளில் வாசலில் இறக்கும் சுருளின் நிறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கோட் 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பச்சைக் குறி போட்ட சுருள் வந்தால் அப்போதே கேட்டுவிடலாம்.

ஈயம் வயதாகிக் கெடுவதில்லை, பெரும்பாலும்

இதைத்தான் புதிதாக வருபவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘பழைய ஈயம் சார், போச்சு, மாத்தணும்’ என்று யாராவது சொன்னால் அது காரணமே இல்லை. ஒழுங்காகப் போட்ட ஈயம் 60 வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும், நூறு வருடத்துக்கு மேல் இருப்பதும் உண்டு. அதே சமயம் போட்டு ஐந்தாறு வருடத்தில் கிழிந்த ஈயமும் உண்டு. வித்தியாசம் தகடு அசைய இடம் விட்டார்களா இல்லையா என்பதில்தான்.

ஈயம் வெயிலில் நன்றாக நீளும், குளிரில் சுருங்கும். ஒரு மீட்டர் துண்டு, வெப்பநிலை 60 டிகிரி மாறினால் ஏறக்குறைய 1.7 மி.மீ. நீளம் மாறும். கோடை வெயிலில் காயும் கறுத்த தகட்டுக்கும் பனிக்கால இரவுக்கும் இடையே அந்த அளவு வித்தியாசம் வருவது பெரிய விஷயமில்லை. ஒரு மீட்டருக்கு இது ஒன்றும் இல்லை என்று தோன்றும், ஆனால் மூன்று மீட்டர் துண்டை ஒரே நீளமாகப் போட்டு இரண்டு முனையிலும் ஆணி அடித்து வைத்தால் அந்த ஐந்து மி.மீ. எங்கே போகும்? நடுவில் புடைக்கும், மறுநாள் இழுபடும், மறுபடி புடைக்கும். கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் படக்கென்று ஒடிவதைப் போல, தகடும் ஒருநாள் அந்த மடிப்பில் பிளந்துவிடும். அதனால்தான் கோட் 4, கோட் 5 ஃப்ளாஷிங்கை 1.5 மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போடக்கூடாது என்ற விதி. துண்டு துண்டாகப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 100 மி.மீ. ஏறியிருக்கும்படி விடவேண்டும். தட்டைக் கூரைக்கு கோட் 8 என்ற மிகத் தடிமனான தகட்டைப் போட்டால்கூட 3 மீட்டர்தான் எல்லை.

பணம் மிச்சம் பிடிக்கும் வேலைக்காரருக்கு இந்த விதி பிடிக்காது. சுருள் மூன்று மீட்டர், ஆறு மீட்டர் என்று நீளமாக வருகிறது. அப்படியே விரித்துப் போட்டால் அரை நாளில் வேலை முடியும். பார்க்கவும் மூட்டே இல்லாமல் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும்! என் கணக்கில், மூட்டில்லாத நீள ஈயத்தைக் கண்டால் அழகு என்று நினைக்காதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஏறாமல் பார்ப்பது எப்படி

கூரையில் ஏறவேண்டாம். ஏணியும் வேண்டாம். ஒரு பைனாகுலர் அல்லது நன்றாக ஜூம் ஆகும் ஃபோன் கேமரா, ஒரு டார்ச், அவ்வளவுதான். தெருவின் எதிர்ப்பக்கம், பின் தோட்டத்தின் கடைசி, முடிந்தால் மாடி ஜன்னல் என்று மூன்று இடத்திலிருந்தாவது சிம்னியைப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். காலை அல்லது மாலை, வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது, புடைப்பும் மடிப்பும் நிழலில் துல்லியமாகத் தெரியும்.

அப்புறம் லாஃப்ட், அதாவது கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடையில் உள்ள பரண். நல்ல மழை பெய்த மறுநாள் உள்ளே போய் சிம்னி நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள மரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்த தடம், வெள்ளை உப்புப் பூத்த செங்கல், தொட்டால் ஈரம். பழைய கறைக்கும் புதுக் கறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் சாக்பீஸால் கறையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மழைக்குப் பிறகு வாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. வௌவால் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஈயத் தகட்டின் மடிப்புக்குள் தங்குவது அவற்றுக்குப் பிடிக்கும், இங்கே அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். இருப்பது தெரிந்தால் வேலைக்கு முன்பே முறையான ஆலோசனை கேட்டுவிட வேண்டும்.

பார்ப்பதற்கு என்ன அர்த்தம்

சுவரிலிருந்து தகடு வெளியே வந்து தொங்கினால் அது சுலபமான கேஸ். செங்கல் வரிசைகளுக்கு இடையே சாந்தை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, தகட்டின் மேல் ஓரத்தை உள்ளே மடித்துச் செருகி, ஈயத்தையே சுருட்டிச் செய்த ஆப்புகளை 450 மி.மீ.க்கு ஒன்றாக அடித்து, மேலே பூசிவிடுவார்கள். ஆப்பு போதாமல் போனாலோ, ஆழம் போதாமல் போனாலோ, பெரிய காற்றில் கழன்றுவிடும். தகடு முழுசாக இருந்தால் திரும்பச் செருகி ஆப்பு அடித்துப் பூசினால் முடிந்தது, புது ஈயமே தேவையில்லை. பூசுவதற்கு வெறும் சிமென்ட் சாந்தைவிட ஈய வேலைக்கென்றே வரும் சீலன்ட் நல்லது. சாந்து இறுகிப் போகும், ஈயம் அசையும்போது வெடித்து உதிரும்.

தகட்டில் பிளவு தெரிந்தால், பிளவைப் பார்ப்பதற்கு முன் துண்டின் நீளத்தைப் பாருங்கள். செங்கல்லை எண்ணினால் போதும். சாதாரணச் செங்கல் மூட்டோடு சேர்த்து 225 மி.மீ., ஆகவே ஏழு செங்கல் நீளத்தைத் தாண்டினால் 1.5 மீட்டரைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் அதிகமாக இருந்து கிழிந்திருந்தால் அந்தப் பிளவை மட்டும் ஒட்டுவது வீண், அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொன்று பிளக்கும். துண்டை வெட்டி, நடுவில் மேலேற்றும் மூட்டு வைத்தோ, சின்னத் துண்டுகளாகப் புதிதாகப் போட்டோதான் தீரும். நீளம் சரியாக இருந்து ஒரே இடத்தில் ஓட்டை என்றால் விஷயம் வேறு. யாராவது மிதித்திருப்பார்கள், மேலிருந்து ஓடு விழுந்திருக்கும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து அதே தடிமனில் ஈயத் துண்டு வைத்து வெல்டிங் செய்தால் போதும். சாதா சால்டர் வைத்து ஒட்டுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது ஈயத்தோடு சேர்ந்து நீளாது சுருங்காது, ஓரத்திலேயே விட்டுவிடும்.

ஓட்டில் கீழ்நோக்கி வெள்ளை வெள்ளையாக வழிந்த கறையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது ஒழுக்கின் அறிகுறி இல்லை. புது ஈயத்தில் மழை பட்டதும் உண்டாகும் கார்பனேட் கழுவிக்கொண்டு வந்தது. போட்ட கையோடு பேட்டினேஷன் ஆயில் என்ற எண்ணெயைத் தடவியிருந்தால் வந்திருக்காது. கண்ணுக்கு அசிங்கமே தவிர கூரைக்கு ஆபத்தில்லை. ஆனால் இதை வேறு மாதிரிப் படிக்கலாம்: இந்தச் சின்ன விஷயத்தைக்கூடச் செய்யாதவர் மூட்டுகளை எப்படிப் போட்டிருப்பார் என்று கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய வெள்ளை, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. தட்டைக் கூரையிலும் டார்மர் தலையிலும் வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று தகட்டின் அடியில் போய்க் குளிர்ந்து தண்ணீராகப் படியும். வருடக்கணக்கில் அது அடிப்பக்கத்தை அரித்து வெள்ளை மாவாக்கிவிடும். மேலே பார்த்தால் தகடு ஜம்மென்று இருக்கும். ஒருநாள் விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்ளும். இதற்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, ஈயத்தை எடுத்துவிட்டு அடியில் காற்று போய்வர குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விட்டுப் பலகையையே திருத்திப் போடவேண்டும். ஓக் மரப்பலகைமேல் நேரடியாக ஈயத்தை வைத்திருந்தால் இன்னும் மோசம், அந்த மரத்திலிருந்து வரும் அமிலம் ஈயத்தைத் தின்னும்.

பாசியும் ஒரு காரணம். ஓட்டில் படர்ந்த பாசி வழியாக மெதுவாகச் சொட்டும் நீரில் லேசான அமிலம் இருக்கும், கீழே வாய்க்காலில் உள்ள ஈயத்தில் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து பளிச்சென்று மெல்லிய பள்ளம் தோண்டும். ஓட்டின் ஓரத்துக்கு அடியில், மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன ஈயப் பட்டை ஒன்றைப் போட்டுவிட்டால் அது முதலில் தேயும், வாய்க்கால் பிழைக்கும்.

அப்புறம் ஒட்டுவேலைகள். கறுப்புத் தார் அப்பியது, வெள்ளி நிறப் பசை நாடா, சிலிக்கோன் கொட்டியது. இவற்றைப் பார்த்தால் யாரோ ஒருவர் முன்பே தோற்றுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். தாருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் யாராலும் விலை சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

ஈயம்தானா என்று உறுதி செய்யுங்கள்

சிம்னி பக்கத்தில் ஈரம் என்றாலே ஃப்ளாஷிங் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிம்னியின் உச்சியில் குழாய்களைச் சுற்றிய சாந்து வெடித்திருக்கலாம், செங்கல் மூட்டுகள் உதிர்ந்திருக்கலாம், மூடி வைத்த நெருப்படுப்பில் காற்றோட்டம் இல்லாமல் உள்ளேயே வேர்த்திருக்கலாம். மழையோடு சம்பந்தமே இல்லாமல் கறை வந்து போனால் அது ஒழுக்கு இல்லை. காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து அடிக்கும்போது மட்டும் வந்தால் ஃப்ளாஷிங்கைச் சந்தேகிக்கலாம்.

வேலைக்காரர் வந்து சாரம் கட்டிய பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஹோஸ் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கீழேயிருந்து தொடங்கவேண்டும். முதலில் ஏப்ரன் ஓரம் மட்டும், சில நிமிடம், லாஃப்டில் ஒருவர் டார்ச்சோடு. வரவில்லையா, கொஞ்சம் மேலே. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா மூட்டையும் தொட்டுக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது.

ஆள் வரும்வரை என்ன செய்யலாம்? லாஃப்டில் ஒரு வாளி, நனைந்த இன்சுலேஷனை ஒதுக்கி வைப்பது, மின் வயர் பக்கம் சொட்டினால் அந்தச் சர்க்யூட்டை அணைப்பது. பசை நாடா ஒட்டுவது தற்காலிகம்தான், கை எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும், காய்ந்த தகட்டில். அதோடு ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடக்கூடாது.

ஆளைப் பிடிப்பது

கதவைத் தட்டி ‘பக்கத்து வீட்டில் வேலை செய்கிறோம், உங்கள் சிம்னி ஈயம் கழன்று நிற்கிறது’ என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் சரி. நீங்கள் எடுத்து வைத்த படங்கள் இதற்குத்தான் உதவும், கழன்றிருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

ஓடு மாற்றுபவர் எல்லோருக்கும் ஈய வேலை தெரியாது. சிம்னி ஃப்ளாஷிங் போன்ற எளிய வேலையை நல்ல கூரைக்காரர் செய்வார். வாய்க்கால், தட்டைக் கூரை, டார்மர் என்றால் ஈய வேலையையே தொழிலாகச் செய்பவரைத் தேடுங்கள். லெட் கான்ட்ராக்டர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பின் உறுப்பினர்களில் தொடங்கலாம். பேசும்போது நேரடியாகக் கேளுங்கள்: எந்தக் கோட்? ஒரு துண்டு அதிகபட்சம் எவ்வளவு நீளம்? எதனால் பிடித்து வைப்பீர்கள்? செம்பு ஆணி அல்லது துருப்பிடிக்காத எஃகு என்பது சரியான பதில், சாதா இரும்பு ஆணி என்றால் அது துருப்பிடித்துக் கழன்றுவிடும். மூலைகளை எப்படிச் செய்வீர்கள்? மரக் கருவிகளால் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருவேன் அல்லது வெல்டிங் செய்வேன், இரண்டில் எது சொன்னாலும் சரி. வெட்டி மடித்து சிலிக்கோன் வைப்பேன் என்றால் நன்றி சொல்லிவிடுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படமாட்டார், உற்சாகமாகிவிடுவார். அவர் சொன்னதெல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் வரட்டும்.

வெல்டிங் என்றால் நெருப்பு. 1989 ஆகஸ்டில் வெஸ்ட் சசெக்ஸில் உள்ள அப்பார்க் என்ற பழைய மாளிகை எரிந்தது கூரையில் ஈய வேலை செய்தவர்களின் கேஸ் டார்ச் நெருப்பால்தான், அதுவும் வேலை முடியப்போகிற சமயத்தில். ஆகவே முடிந்த அளவு வெல்டிங்கைக் கீழே தரையில் செய்துவிட்டு மேலே கொண்டுபோய்ப் பொருத்துவீர்களா, தீயணைப்பான் பக்கத்தில் இருக்குமா, கேஸ் டார்ச்சை அணைத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போவீர்களா, இன்ஷூரன்ஸ் நெருப்பு வேலையையும் சேர்த்ததா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸிலும் இதற்கு நிபந்தனை இருக்கலாம், வேலைக்கு முன் படித்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உங்கள் வீடு இருந்தால் ஈயத்துக்குப் பதில் வேறு பொருள் போடுவதற்குக் கவுன்சில் அனுமதி தேவைப்படும். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்றம்.

ஈயம் விஷம் என்பதையும் மறக்கக்கூடாது. கூரையில் கிடக்கும் தகடு உங்களை ஒன்றும் செய்யாது. அடியில் அரித்த வெள்ளை மாவும், வெட்டும்போது விழும் துணுக்குகளும்தான் கவனம். குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம், தொட்டால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள். ஈயக் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

வேலை முடிந்த அன்று

சாரம் இறக்கும் முன் படம் கேளுங்கள், இறக்கிவிட்டால் அப்புறம் பார்க்கவே முடியாது. ஏப்ரன் ஓட்டின்மேல் குறைந்தது 150 மி.மீ. இறங்கியிருக்கிறதா, சுவரில் 150 மி.மீ.யாவது ஏறியிருக்கிறதா, மூட்டுகள் 100 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று இருக்கிறதா, காற்றில் தூக்காமல் இருக்கக் கீழ் ஓரத்தில் செம்பு அல்லது எஃகுக் கிளிப் இருக்கிறதா. எண்ணெய் தடவினார்களா, முக்கியமாகக் கீழ் ஓரத்தின் அடிப்பக்கத்திலும் சேர்த்து. பாதிப் பேர் மேலே மட்டும் தடவிவிட்டுப் போவார்கள், வெள்ளை வழிவது அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

கழற்றிய பழைய ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, முழுசாக உருக்கி மறுபடி தகடாக்கலாம். அது யாருக்கு என்று கொட்டேஷன் வாங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள், பெரிய வாய்க்கால் வேலை என்றால் அந்தத் தொகையைக் கூலியில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். நீங்களே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவதென்றால் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். தேவாலயக் கூரை ஈயம் உட்பட உலோகத் திருட்டு பெருகியதால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரொக்கமாகத் தரமாட்டார்கள், காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் தருவார்கள்.